உயரம் 5 அடி 9. கால் குட்டை, உடம்பு நீளம். மவுண்டன் பைக் மீடியம் எடுக்கவா, லார்ஜ் எடுக்கவா?

கடையில் லார்ஜ்தான் ஸ்டாக் இருக்கிறது, அதையே எடுக்கச் சொல்கிறார்கள், சரிதானே? அவசரப்பட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

எனக்கும் உங்கள் உயரம்தான், 175 செ.மீ. பள்ளியில் உட்கார்ந்திருந்தால் மறைக்கிறான் என்று பின்பெஞ்சுக்கு அனுப்புவார்கள். எழுந்து நின்றால் பக்கத்தில் இருப்பவனும் நானும் ஒரே உயரம். எந்த ரெடிமேட் பேன்ட் எடுத்தாலும் கீழே நாலு விரல் வெட்டித் தைக்க வேண்டும். தக்கலையில் எனக்கு அதைச் செய்து தரும் டெய்லர் அண்ணாச்சி, "உமக்கு வளர்ச்சி எல்லாம் இடுப்புக்கு மேலதான்" என்பார். சைக்கிள் கடையில் ஒருவரும் டேப்பைத் தொடவில்லை. உயரம் கேட்டார்கள், சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையில் விரலை வைத்தார்கள், 19 இஞ்ச், அதாவது லார்ஜ் என்று முடித்துவிட்டார்கள்.

முதல் ஞாயிறு குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறைக்குக் கிளம்பினேன். தார்ரோட்டில் ஒரு குறையும் தெரியவில்லை. ரப்பர் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் இறங்கியதும்தான் வினை. முந்தின நாள் மழையில் சருகு ஊறிக் கிடந்தது. முன்சக்கரம் ஒரு வேரில் முட்டி நின்றது. இடது காலை ஊன்றப் போனேன். அந்தப் பக்கம் தரை சரிவு. கால் தரையைத் தொடுவதற்குள் சைக்கிளின் மேல்குழாய் தொடக்கூடாத இடத்தைத் தொட்டுவிட்டது. கண்ணில் பூச்சி பறந்தது. அப்படியே சாய்ந்ததில் ஒரு மரத்தில் பால் பிடிக்கக் கட்டியிருந்த சிரட்டை கவிழ்ந்து சட்டையெல்லாம் ரப்பர் பால். அந்தக் கறை இன்னும் போகவில்லை. பால் வெட்டிக்கொண்டிருந்த பெரியவர் வந்து தூக்கிவிட்டு, சைக்கிளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "மக்ளே, இது உனக்க அண்ணனுக்க சைக்கிளா?"

வீட்டுக்கு வந்து அளந்தேன். வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கவட்டையில் நன்றாக மேலே அழுத்தி, அதன் மேல்விளிம்பு சுவரில் படும் இடத்தில் பென்சில் கோடு. தரையிலிருந்து 74 செ.மீ, அதாவது 29 இஞ்ச். (பேன்ட் அளவை அப்படியே எடுக்காதீர்கள், அது குறைத்துக் காட்டும்.) சைக்கிளின் மேல்குழாயோ 31 இஞ்ச் உயரம். காட்டில் ஓட்டுகிற சைக்கிளுக்குக் குறைந்தது 2 இஞ்சாவது இடைவெளி வேண்டும் என்பார்கள். எனக்கோ இடைவெளிக்குப் பதில் 2 இஞ்ச் கடன்.

சரி, சின்னதாக எடுத்தால் தீர்ந்தது என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்துப் பழைய 16 இஞ்ச் ஒன்றை வாங்கினேன். கால் ஊன்றியது. ஆனால் முதுகு இறால் மாதிரி வளைந்துவிட்டது. ஏற்றத்தில் முட்டி ஹேண்டில்பாரை இடிக்க வந்தது, இறக்கத்தில் தலைகுப்புற விழுந்துவிடுவேனோ என்று பயம். சீட்டைப் பின்னால் தள்ளினால் மிதி கெடுகிறது. நீளமான ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் துண்டு) போட்டால் ஸ்டியரிங் மந்தமாகிறது.

விஷயம் இதுதான். 17, 19 என்பதெல்லாம் சீட் மாட்டும் குழாயின் நீளம். நம் மாதிரி ஆட்களுக்கு அதைவிட ரீச் முக்கியம்: பெடல் அச்சின் நடுவிலிருந்து ஹேண்டில் மாட்டும் குழாயின் உச்சி வரைக்கும் படுக்கைவாட்டில் உள்ள தூரம். கம்பெனியின் ஜியோமெட்ரி அட்டவணையில் இருக்கும். நான் இப்போது ஓட்டுவது 17 இஞ்ச். மேல்குழாய் பின்பக்கம் நன்றாகச் சரிந்து இறங்கியிருக்கும், உயரம் இருபத்தேழு இஞ்ச் கூட இல்லை. ஆனால் ரீச் 44 செ.மீ. அந்தப் பெரிய 19-க்கே 43தான். ஆகவே நீங்கள் மீடியமா லார்ஜா என்று பார்க்காமல், நீள ரீச், தாழ்ந்த மேல்குழாய் இரண்டும் சேர்ந்த மாடலைத் தேடுங்கள். கால் நீளம், உடம்பு குட்டை என்றால் எல்லாம் தலைகீழ்.

"என் அப்பா 22 இஞ்ச் சைக்கிளில் குரங்குப்பெடல் போட்டார், அளவா பார்த்தார்?" என்று யாராவது வருவார்கள். என் அப்பாவும்தான். தோவாளையிலிருந்து வடசேரிச் சந்தைக்குத் தார்ரோட்டில் மிதித்தார். வேரும் கல்லுமான சரிவில் சடக்கென்று கால் ஊன்றும் வேலை அவருக்கு இல்லை. "உடம்பை அளந்து சைக்கிளைப் பொருத்தித் தரும் பிட்டிங் இடத்துக்குப் போ" என்பவர்களுக்கு: அதற்கும் சேர்த்துக் காசு இருந்தால் நான் ஏன் புத்தகத்தைக் கவட்டையில் வைக்கிறேன்?

அப்புறம், இவ்வளவு பார்த்து வாங்கியும் காட்டுக்குப் போய்ச் சேருவதுதான் பாடு. கேரளாவுக்குக் கல்லும் பாறைப்பொடியும் ஏற்றிப்போகும் லாரிகள் மார்த்தாண்டம் பக்கம் மனிதனை ரோட்டில் விடுவதில்லை. விடியற்காலை அஞ்சு மணிக்கே கிளம்பிப் பார்த்துவிட்டேன், அப்போதும் வரிசை கட்டித்தான் வருகின்றன. அதைக் கேட்கத்தான் ஆளில்லை.

அந்த 19 இஞ்சை இப்போது என் மச்சான் ஓட்டுகிறான். என்னைவிட ரெண்டு விரல் குட்டை. கொக்குக் கால், அவனுக்குக் கச்சிதமாக இருக்கிறது.