ஒரே குடுவையில் நொதியும் உலோகமும்: கேள்வி பதில்

கேள்வி: சார், நொதி ஒரு பக்கம், உலோக வினையூக்கி ஒரு பக்கம். இரண்டையும் சேர்த்துவைத்து எதற்கு இந்த வம்பு?

ஸ்டைரீனை எடுத்துக்கொள்ளுங்கள். தெர்மோகோல் செய்யப் பயன்படும் சாதாரண ஹைட்ரோகார்பன். அதன் இரட்டைப் பிணைப்பில் ஆக்சிஜனை ஏற்றி அசிட்டோபீனோன் ஆக்குவது பல்லேடியத்துக்குக் கைவந்த கலை. அதை ஆல்கஹாலாக மாற்றும்போதுதான் சிக்கல்: இடக்கை வலக்கை போல இரண்டு வடிவங்கள் வரும். ஒன்று மட்டும் வேண்டுமென்றால் நொதியிடம் கொடுப்பது நல்லது.

கேள்வி: அப்படியென்றால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிட வேண்டியதுதானே?

கொட்டினால் நொதி காலி. அதைக் கெடுப்பது பல்லேடியம் என்று நினைப்போம், உண்மையில் தாமிரம். ஒரு சுற்று முடிந்ததும் பல்லேடியம் வெறும் உலோகமாகிப் படுத்துவிடும். அதை எழுப்பத் தாமிர உப்பு வேண்டும், தாமிரத்தை எழுப்ப ஆக்சிஜன். வாக்கர் முறை என்பது இதுதான்.

2015இல் ஜெர்மனியின் பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் ஹாரல்ட் குரோகரின் குழு இதற்கு ஒரு வழி கண்டது. சிலிக்கோன் ரப்பரில் விரலுறை மாதிரி ஒரு சின்னக் குப்பி. கேக் அச்சு செய்கிறார்களே, அந்த வகை ரப்பர்தான். உள்ளே பல்லேடியமும் தாமிரமும். வெளியே நீரில் நொதி. அசிட்டோபீனோன் ரப்பருக்குள் கரைந்து மெல்ல வெளியே வந்துவிடும். தாமிர அயனிக்கு அந்த வழி கிடையாது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த சோதனை இது. புது வினையூக்கி எதுவும் இல்லை, நடுவில் ஒரு சுவர், அவ்வளவுதான்.

கேள்வி: உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ என்ற வேதிப்பொருளைப் போட்டுத் தாமிரத்தைக் கட்டிப்போட்டால் என்ன அண்ணா?

கட்டிப்போட்டால் பல்லேடியத்தை யார் எழுப்புவது, தம்பி?

கேள்வி: சுவரே இல்லாமல் யாராவது செய்திருக்கிறார்களா?

ஜோடி பொருந்தினால் முடியும். 2014இல் அமெரிக்காவில் ஜான் ஹார்ட்விக், ஹுய்மின் ஜாவோ குழுக்கள் ருதேனியத்தையும் பி450 நொதியையும் சேர்த்தார்கள். ருதேனியம் எண்ணெய்ப் படலத்தில், நொதி தண்ணீரில். ருதேனியம் ஆல்கீன்களை, அதாவது இரட்டைப் பிணைப்புள்ள ஹைட்ரோகார்பன்களை, அந்தப் பிணைப்பில் வெட்டி, பாதிகளை மாற்றி மாற்றி ஒட்டிக்கொண்டே இருக்கும். அந்தக் கலவையில் தனக்குப் பிடித்ததை மட்டும் நொதி எடுத்து, இரட்டைப் பிணைப்பில் ஓர் ஆக்சிஜனை ஏற்றி எபாக்சைடு என்ற முக்கோண வளையம் ஆக்கும், சாம்பாரில் முருங்கைக்காயை மட்டும் பொறுக்குகிற பிள்ளை மாதிரி. எடுக்க எடுக்க ருதேனியம் மறுபடி உண்டாக்கித் தரும். அதனால் இரண்டு வினைகளையும் தனித்தனியாக அடுத்தடுத்துச் செய்வதைவிட விளைச்சல் கூடியது.

கேள்வி: மீத்தேனை மெத்தனால் ஆக்க இதெல்லாம் உதவுமா ஐயா?

மீத்தேன் தின்னும் பாக்டீரியாக்கள் அதைச் சாதாரண வெப்பநிலையிலேயே செய்கின்றன. தொழிற்சாலையிலோ முதலில் நிக்கல் மேல் நீராவியோடு 800 டிகிரி செல்சியஸ் வாக்கில் உடைத்து, அப்புறம் தாமிர வினையூக்கியில் மெத்தனால் கட்டுகிறோம். அந்த பாக்டீரியாக்களின் நொதிகளைத் திறந்து பார்த்தால் ஒரு வகையில் இரும்பு இருக்கிறது. இன்னொரு வகையில் இருப்பது, மேலே நாம் திட்டித் தீர்த்த அதே தாமிரம்.