ரீடிங் எழுதும் கை

கேள்வி: வணக்கமுங்க. நாங்கள் சோமனூர் பக்கத்தில் எட்டுத் தறி போட்டுக் கூலிக்கு ஓட்டுகிறோம். மகள் கோவையில், ஆண்களும் பெண்களும் சேர்ந்து படிக்கும் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலில் நல்ல மதிப்பெண் வாங்கியவள், இந்த செமஸ்டர் செய்முறைத் தேர்வில் நிறமாலைமானியைச் சரிசெய்ய முடியாமல் கை நடுங்கி, அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். அவள் குழுவில் இருக்கும் இரண்டு பையன்களும் நன்றாகச் செய்துவிட்டார்களாம். இத்தனைக்கும் குழுவில் ரீடிங் எழுதுவது எப்போதும் இவள்தான். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்தப் பையன்களின் ரெக்கார்டு நோட்டைக்கூட இவளே எழுதிக் கொடுப்பாள், அவ்வளவு நல்ல மனசு. "பொம்பளப் பிள்ளைகளுக்குத் தியரி வரும், பிராக்டிகல் வராது" என்று ஓர் ஆசிரியர் சொன்னாராம். என் மச்சாண்டாரோ, பி.காமுக்கு மாற்றிவிடு, இல்லாவிட்டால் சேர்த்த நகையைப் போட்டு மாப்பிள்ளை பார் என்கிறார். இவளும் "எனக்கு வராதும்மா" என்கிறாள். பிசிக்ஸ் பெண்களுக்கு ஆகாத படிப்புதானா? (எனக்கு எழுத்து சரியாக வராதுங்க. நான் சொல்லச் சொல்ல மகள்தான் இதை எழுதினாள்.)
— பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்:

ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால், இதே கடிதம் கோபியிலிருந்தும் இராசிபுரத்திலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் எனக்குப் பலமுறை வந்திருக்கிறது. மேரி கியூரியில் தொடங்கி ஒரு பட்டியலைப் படித்து, "உங்கள் மகளாலும் முடியும், கவலை வேண்டாம்" என்று நான் முடிப்பேன் என நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். அந்த ஆறுதலால் உங்கள் மகளுக்கு ஒரு பயனும் இல்லை. 1901-இல் தொடங்கி 2025 வரை இயற்பியலுக்காக நோபல் பரிசு பெற்றவர்கள் இருநூறுக்கும் மேற்பட்டோர்; அவர்களில் பெண்கள் 5 பேர். மச்சாண்டார் இந்தக் கணக்கைத் தம் கட்சிக்கும் எடுத்துக்கொள்ளலாம், நான் என் கட்சிக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்பதால் அதை இங்கேயே விட்டுவிடுகிறேன். பதில் உங்கள் கடிதத்தில், நீங்கள் பெருமைக்காகச் சொல்லிவிட்டுக் கடந்துபோன ஒரே ஒரு வரியில் இருக்கிறது.

"குழுவில் ரீடிங் எழுதுவது எப்போதும் இவள்தான்." நான் நிறுத்தி மூன்று முறை படித்த வரி அது. பள்ளியிலும் இப்படித்தான் நடந்திருக்கும், கல்லூரியிலும் இப்படித்தான் நடந்திருக்கிறது. ஒருவன் திருகைத் திருப்புகிறான், இன்னொருவன் கண்ணை வைத்துப் பார்த்து எண்ணைச் சொல்கிறான், உங்கள் மகள் கோடு போட்ட தாளில் அந்த எண்ணை அழகாக எழுதிக்கொள்கிறாள். மூன்று பேரும் ஆய்வகத்தில் ஒரே நேரத்தைக் கழித்தார்கள் என்று வருகைப் பதிவேடு சொல்லும். உண்மையில் இரண்டு பேர்தான் இயற்பியல் படித்தார்கள். மூன்றாமவர் குமாஸ்தா வேலை பார்த்தார்.

நிறமாலைமானியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள் என்பதால் சொல்கிறேன். ஒரு பக்கம் சோடியம் ஆவி விளக்கின் மஞ்சள் ஒளியை ஒரு மெல்லிய பிளவு வழியாக அனுப்பும் குழல். நடுவில் முப்பட்டகத்தை வைக்கும் சிறு மேசை. மறுபக்கம், சுற்றிச் சுழலும் தொலைநோக்கி. முதலில் கண்ணருகு வில்லையை நகர்த்தி உள்ளே இருக்கும் குறுக்குக் கம்பியைத் தன் கண்ணுக்குத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒருவர் கண்ணுக்குச் சரியானது அடுத்தவருக்குச் சரியாக இருக்காது. பிறகு ஜன்னலுக்கு வெளியே தொலைவில் நிற்கும் தென்னை மரத்தையோ கோபுரத்தையோ பார்த்துத் தொலைநோக்கியைச் சரிசெய்ய வேண்டும், பிளவைக் கூர்மையாக்க வேண்டும், மேசையின் மூன்று திருகுகளையும் திருகி மட்டம் பார்க்க வேண்டும். இவ்வளவுக்கும் பிறகுதான் வேலையே தொடங்குகிறது. முப்பட்டகத்தை மெல்லத் திருப்பத் திருப்ப, பிளவின் பிம்பம் ஒரு திசையில் நகர்ந்துகொண்டே போகும். ஓரிடத்தில் தயங்கி நின்று, வந்த வழியே திரும்பும். அது தயங்கும் அந்த இடம்தான் சிறும திசைமாற்றக் கோணம். விரல் எவ்வளவு அழுத்த வேண்டும், எந்த நொடியில் நிறுத்த வேண்டும் என்பதைப் பாடநூல் சொல்லித் தராது. பத்துமுறை தவறவிட்ட கைக்கு மட்டுமே அது தெரியும். உங்கள் மகளின் கை அதை ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை, ஏனென்றால் அந்தக் கையில் எப்போதும் பேனா இருந்தது.

தேர்வில் எல்லாரும் தனித்தனியே செய்ய வேண்டியிருந்தது, கை நடுங்கியது. நடுங்காமல் என்ன செய்யும்? இரண்டு வருடம் மொபெட்டின் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தவளை, ஒரு நாள் காலையில் அவிநாசி சாலையில் இறக்கிவிட்டு, நீயே ஓட்டு என்று கைப்பிடியைக் கொடுத்தால், விழுந்தவளைப் பார்த்துப் "பெண்களுக்கு வண்டி வராது" என்று சொல்வது நியாயமாகுமா? அந்த ஆசிரியர் சொன்னது அதுதான். அதை நீங்களும் பாதி நம்பியதால்தான் எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

"நல்ல மனசு" என்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மணி, அது நல்ல மனசு இல்லை, பழக்கப்படுத்தப்பட்ட மனசு. அந்த இரண்டு பையன்களும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்டதும் எழுதித் தர ஒருத்தி இருக்கிறாள், வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் அவர்கள் செய்துபார்க்கும் நேரத்தில் இவள் எழுதினாள், அவர்கள் ஓய்வெடுக்கும் நேரத்திலும் இவளே எழுதினாள். அதை ஒரு தாய் குறையாகச் சொல்லாமல் மகளின் குணத்துக்குச் சான்றிதழாகச் சொல்கிறாள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

உங்களை மட்டும் திட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ள எனக்கும் உரிமை இல்லை. நானும் இயற்பியல் ஆசிரியையாக இருந்தவள்தான். இரண்டு பையன்களுக்கு ஒரு பெண் என்று குழு பிரித்தால் ஆய்வகம் சத்தமில்லாமல் இருக்கும், ரெக்கார்டு நோட்டு திருத்தச் சுலபமாக இருக்கும் என்று பல வருடங்கள் நானே அப்படிப் பிரித்திருக்கிறேன். பின்னர் ஒரு பெண்கள் கல்லூரிக்குப் போன பிறகுதான் என் கண் திறந்தது. இதே பல்லடம், பவானி, பெருந்துறைப் பக்கத்துப் பிள்ளைகள்தான், அங்கே திருகைத் திருப்ப வேறு ஆள் இல்லாததால் தாங்களே திருப்பினார்கள், முப்பட்டகத்தைக் கீழே போட்டு உடைத்தார்கள், மின்னளவியைப் புகைய விட்டார்கள், கடைசியில் தேர்வில் கை நடுங்காமல் செய்தார்கள். நம் பக்கத்துக் கல்லூரிகளில் பி.எஸ்சி. இயற்பியல் வகுப்புகளில் பெண் பிள்ளைகளுக்குக் குறைவே இல்லை. பல இடங்களில் அவர்கள்தான் நிறைந்திருக்கிறார்கள். பையன்களைப் பொறியியலுக்கு அனுப்பிவிட்டு, பக்கத்திலேயே படித்து, பி.எட். முடித்து, டீச்சர் ஆகிக் கல்யாணம் செய்துகொள்ள வசதியான படிப்பு என்று இதைப் பெண்களுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறோம். ஆராய்ச்சி என்று அடுத்த படி வரும்போதுதான் பெண்கள் காணாமல் போகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் திட்டம் 2022 முதல் இருக்கிறது. அது கல்லூரி வாசல் வரை கொண்டுவந்து விடும். ஆய்வக மேசையில் பேனாவை வேறு ஒருவரிடம் கொடுப்பதற்கு எந்த அரசாணையும் கிடையாது.

இது நம் ஊர் வழக்கம் மட்டும் அல்ல. அமெரிக்காவின் ஹார்வர்டு வான் ஆய்வகத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பெண்களைக் குறைந்த கூலிக்கு அமர்த்தி, விண்மீன்களின் நிறமாலை, அதாவது அவற்றின் ஒளியைப் பிரித்தால் தெரியும் நிறப்பட்டையும் கோடுகளும், பதிந்த கண்ணாடித் தட்டுகளை அளந்து குறிக்க வைத்தார்கள். இரவில் தொலைநோக்கியில் கண் வைத்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அதாவது, அங்கேயும் பெண்கள் ரீடிங் எழுதினார்கள். அந்த இடத்துக்கு 1923-இல் இங்கிலாந்திலிருந்து சிசிலியா பெய்ன் என்ற இளம்பெண் வந்தார். கேம்பிரிட்ஜில் படித்தவர், ஆனால் பெண்களுக்குப் பட்டம் தர அந்தப் பல்கலைக்கழகம் 1948 வரை மறுத்து வந்ததால் பட்டமில்லாமல் வந்தவர். தட்டுகளில் இருந்த கோடுகளை எண்ணி எழுதுவதோடு அவர் நிற்கவில்லை. வெப்பத்தில் அணுக்கள் எவ்வளவு தூரம் எலக்ட்ரானை இழக்கும் என்று கணக்கிட நம் இயற்பியலாளர் மேக்நாத் சாஹா 1920-இல் கொடுத்திருந்த சமன்பாட்டை எடுத்து அந்தக் கோடுகளின் மீது வைத்துப் பார்த்தார். விண்மீன்களில் மிகப் பெரும்பகுதி ஹைட்ரஜன் என்று 1925-இல் தம் ஆய்வேட்டில் கண்டு சொன்னார். அக்காலத்தின் பெரிய வானியலாளர் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் இது நடக்காத காரியம் என்றதால், பெய்ன் அந்த முடிவு பெரும்பாலும் உண்மையாக இருக்காது என்று தம் கையாலேயே எழுதிச் சேர்க்க நேர்ந்தது. நான்கு வருடம் கழித்து ரஸ்ஸலே அதே முடிவுக்கு வந்தார். உங்கள் மகளுக்குப் "பெண்களுக்கு வராது" என்று பெயர் வாங்கித் தந்த நிறமாலைதான் பெய்ன் கையில் சூரியன் எதனால் ஆனது என்பதைச் சொன்னது.

அந்த சாஹா யார் என்பதையும் சொல்ல வேண்டும். டாக்காவுக்கு அருகே ஒரு கிராமத்துக் கடைக்காரரின் மகன். கல்கத்தாவில் படித்தபோது, சாதியின் பேரால் விடுதியில் மற்ற மாணவர்களோடு உட்கார்ந்து சாப்பிட அனுமதிக்கப்படாதவர். இதை எழுதும்போது என் பழைய ஆய்வகத்தில் மூன்று பேருக்குப் பின்னால் நான்காவதாக நின்று, தோள்களுக்கு இடையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாணவி நினைவுக்கு வருகிறாள். அருந்ததியர் காலனியிலிருந்து வந்தவள், வீட்டில் முதல் பட்டதாரி ஆக வேண்டியவள். அவளிடம் யாரும் பேனாவைக்கூடக் கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. உங்கள் மகளின் வகுப்பிலும் அப்படி ஒருத்தி நிற்கிறாளா என்று மகளிடம் கேளுங்கள். நிற்கிறாள் என்றால், இனி உங்கள் மகள் திருகைப் பிடிக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டியவள் அவள்தான்.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் பேனா அவள் கைக்குக் கல்லூரியில் போய்ச் சேரவில்லை. எட்டுத் தறி ஓட்டுகிறீர்கள். இழை அறுந்தால் ஓசையிலேயே தெரிந்துகொண்டு ஓடிப்போய்ப் பிணைப்பது நீங்கள். நாடா ஒழுங்காக ஓடவில்லை என்றால் எந்தப் பக்கம் பிசகு என்று முதலில் தெரிவதும் உங்களுக்குத்தான். ஆனால் தறி நின்றால் என்ன செய்கிறீர்கள்? ஃபிட்டருக்குப் போன் போட்டுவிட்டு, அவர் வரும் வரை தறியைச் சும்மா நிறுத்திவைக்கிறீர்கள். வந்தவுடன் டீ போட்டுக் கொடுக்கிறீர்கள். இருபது வருடமாகத் தறிக் கூடத்தில் நிற்கும் பெண்ணின் கையில் ஸ்பேனர் இல்லை, எப்போதோ வந்து போகும் ஆணின் கையில் இருக்கிறது. இது நான் பல தறிக் கூடங்களில் பார்த்தது; உங்கள் வீட்டில் வேறு மாதிரி என்றால் எழுதுங்கள், மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மகள் இதைப் பார்த்துத்தான் வளர்ந்தாள். குடும்பத்தை உதறிவிட்டுப் பெண்கள் தங்கள் வழியே போக வேண்டும் என்று சொல்கிறவள் நான் இல்லை. பிள்ளைகள் பெற்றவர்களுக்குக் கடமைப்பட்டவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் பெற்றவர்களின் கடமை, பெண்ணைப் பத்திரமாகவும் அடக்கமாகவும் அழகான கையெழுத்தோடும் வளர்த்து ஒப்படைப்பதோடு முடிந்துவிடுகிறது என்று நம் பக்கத்தில் நினைக்கிறோமே, அதை நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

மச்சாண்டாருக்கு ஒரு சேதி. பீர்மேட்டில் 1918-இல் பிறந்த அன்னா மணிக்கு எட்டாவது பிறந்தநாளில் குடும்ப வழக்கப்படி வைரத் தோடு கொடுத்தார்கள். அது வேண்டாம், கலைக்களஞ்சியம் வாங்கிக் கொடுங்கள் என்றாள் அந்தச் சிறுமி. பின்னாளில் சி. வி. ராமனின் ஆய்வகத்தில் அதே வைரத்தின் நிறமாலையை ஆராய்ந்தார். இந்திய வானிலைத் துறையில் சேர்ந்த பிறகு, வெளிநாட்டிலிருந்து வரவழைத்த கருவிகளை நம்பியிருந்த காலத்தை மாற்றி, சுமார் 100 கருவிகளுக்கு வரைபடம் தயாரித்து இங்கேயே செய்ய வழி செய்தார். நாட்டில் காற்று எங்கே எவ்வளவு வேகமாக வீசுகிறது என்று அளக்கும் பணியையும் முன்னின்று நடத்தினார். பல்லடத்திலிருந்து உடுமலை வரை வரிசையாகச் சுழலும் காற்றாலைகளை மச்சாண்டார் தினமும் பார்க்கிறார் அல்லவா, அடுத்த முறை பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளட்டும். பி.காம். நல்ல படிப்புதான், விரும்பிச் சேர்கிறவர்களுக்கு. தொடாத கருவிக்குப் பயந்து ஓடுகிறவளை அதில் கொண்டுபோய்ச் சேர்த்தால், அங்கேயும் யாருக்காவது நோட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருப்பாள்.

ஆகவே படிப்பை மாற்ற வேண்டாம். அடுத்த செமஸ்டர் முழுவதும் உங்கள் மகள் ஆய்வகத்தில் ரீடிங் எழுதக் கூடாது. இந்த வாரம் இவன், அடுத்த வாரம் அவன் என்று பையன்கள் எழுதட்டும், எழுத்துக் கோழி கிளறியது போல இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டு ரெக்கார்டு நோட்டையும் எழுதாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் கல்லூரிக்குப் போய்த் துறைத் தலைவரைப் பாருங்கள். சண்டை போட வேண்டாம், வகுப்பில்லாத நேரத்தில் ஆய்வகத்தைத் திறந்து நிறமாலைமானியை இவள் கையில் கொடுக்க முடியுமா என்று மட்டும் கேளுங்கள். மாலையில் ஒரு மணி நேரம் வீதம் பத்து நாள் போதும், அந்த மஞ்சள் கோடு எங்கே தயங்குகிறது என்று அவள் விரலுக்குப் பிடிபட்டுவிடும். தறி அடுத்த முறை நிற்கும்போது, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஃபிட்டரைக் கூப்பிடும் முன் நீங்கள் இருவருமே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கீழே உட்காருங்கள். சரிசெய்ய முடியாமல் போனால் ஃபிட்டர் இருக்கவே இருக்கிறார். டீயை உங்கள் வீட்டுக்காரர் போடட்டும்.

என்ன ஆயிற்று என்று மூன்று மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள். அவளைப் பற்றிய இந்தக் குறையைக்கூட அவளையே உட்கார வைத்து எழுத வைத்திருக்கிறீர்கள். "எனக்கு வராதும்மா" என்ற சொல்லை அவள் முத்து முத்தாக எழுதியிருப்பதை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த கடிதத்தை நீங்களே எழுதுங்கள். எழுத்துக் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, படித்துக்கொள்கிறேன்.