சிறுநீர்க் கசிவும் நீச்சலும் – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எனக்கு 54 வயது. கோவையில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். சிறுவயதில் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் முதுகில் சுரைப்புருடை கட்டிக்கொண்டு நீச்சல் பழகியவள். மூட்டுத் தேய்மானமும் சர்க்கரையும் வந்த பிறகு, நடப்பதற்குப் பதிலாக நீந்தச் சொன்னார் மருத்துவர். நான்கு மாதங்கள் பெண்களுக்கான காலை நேர நீச்சலுக்குப் போனேன்.

இரண்டாவது பிரசவத்திலிருந்தே தும்மினால், இருமினால் சில சொட்டுச் சிறுநீர் கசியும். ஓராண்டாகக் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டாலே முட்டிக்கொண்டு வருகிறது. கழிவறைத் தாழ்ப்பாளைத் திறப்பதற்குள் நனைந்துவிடுகிறது. நாப்கின் வைத்துக்கொண்டு குளத்தில் இறங்கினேன். அது தண்ணீரைக் குடித்து உப்பிவிட்டது. காலையில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்ப் பார்த்தேன். சென்ற மாதம் நீந்தி முடித்து ஏணியில் ஏறும்போது கசிவதை உணர்ந்தேன். யாரும் கவனிக்கவில்லை, ஆனாலும் அன்றோடு நிறுத்திவிட்டேன். பத்துப் பேர் இறங்கும் தண்ணீரை நான் அசுத்தப்படுத்துகிறேனோ என்ற எண்ணம் உறுத்துகிறது. வீட்டுக்காரரிடம் மூட்டுவலி என்று சொல்லியிருக்கிறேன். நீச்சலை விட்டுவிடுவதுதான் சரியா?

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

விட வேண்டாம். மூட்டில் பாரம் ஏறாமல் மூச்சு வாங்க உழைக்க உங்களுக்கு அமைந்த வழி அது. அதை இழந்தால் முழங்காலும் சர்க்கரையும் சேர்ந்தே மோசமாகும். கசிவுக்கு வழி இருக்கிறது. எனக்கு 47 வயதில் தொடங்கிய தொல்லை இது. பேருந்து எந்த ஊரில் எத்தனை நிமிடம் நிற்கும் என்று கணக்குப் போட்டே ஆறு ஆண்டுகள் பயணம் செய்தேன். முதலில் பார்த்த மருத்துவர் வயதானால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்பியதை நம்பி அந்த ஆண்டுகளை வீணாக்கினேன் என்ற ஆற்றாமை இன்றும் உண்டு. அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு விரிவாக எழுதுகிறேன்.

நீங்கள் சொல்வதில் இரண்டு வகைக் கசிவு இருக்கிறது. தும்மும்போது வருவது, வயிற்றுக்குள் அழுத்தம் கூடும்போது சிறுநீர்த்தாரையை இறுக்கிப் பிடிக்கும் தசைகள் தளர்ந்திருப்பதால் வருவது. குழாய்ச் சத்தம் கேட்டதும் வருவது, சிறுநீர்ப்பை நிரம்பும் முன்பே அதன் சுவர்த் தசை தானாகச் சுருங்குவதால் வருவது. பிள்ளை பெற்ற பெண்களுக்கு, குறிப்பாக மாதவிடாய் நிற்கும் வயதில், இரண்டும் கலந்து இருப்பது மிகவும் சாதாரணம். இரண்டுக்கும் சிகிச்சை வேறுவேறு என்பதால்தான் பிரித்துச் சொல்கிறேன்.

நீச்சலே இதற்குக் காரணமோ என்ற பயமும் வேண்டாம். அமெரிக்காவில் பிள்ளை பெறாத, சராசரியாக 20 வயதுடைய 144 கல்லூரி விளையாட்டு வீராங்கனைகளிடம் கேட்டு 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஜிம்னாஸ்டிக்ஸ் செய்தவர்களில் 67 சதவீதத்தினரும் கூடைப்பந்து ஆடியவர்களில் 66 சதவீதத்தினரும் கசிவு உண்டு என்றார்கள். நீச்சல் வீராங்கனைகளில் அப்படிச் சொன்னவர்கள் 10 சதவீதத்தினர்தான். குதித்துத் தரையில் விழும் ஒவ்வொரு முறையும் அடிவயிற்றில் விழும் அடி நீரில் இல்லை. இருபது வயதில், பிரசவமே காணாத உடம்பிலும் இது நடக்கிறது என்பதையும் இந்த ஆய்விலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் தண்ணீருக்கு ஒரு குணம் உண்டு. கழுத்தளவு நீரில் நிற்கும்போது நீரின் அழுத்தம் கால்களிலும் வயிற்றிலும் உள்ள இரத்தத்தை மார்புப் பக்கம் தள்ளுகிறது. இதயத்தின் மேலறைகள் விரிவடைந்து, உடம்பில் நீர் அதிகம் இருப்பதாக எண்ணிச் சிறுநீரைப் பெருக்கும் ஹார்மோனைச் சுரக்கின்றன. சிறுநீரைக் குறைக்கும் ஹார்மோன் அடங்குகிறது. தண்ணீர் குளிர்ந்திருந்தால் இது இன்னும் கூடும். ஆகவே கழிவறைக்குப் போய்விட்டு இறங்கினாலும் முக்கால் மணி நேரத்தில் பை மறுபடி நிரம்பியிருப்பது இயற்கை. நிரம்பிய பையோடு, இவ்வளவு நேரம் நீர் தாங்கியிருந்த உடம்பின் முழு எடையையும் கையாலும் காலாலும் தம் பிடித்து மேலே தூக்குகிற இடம் அந்த ஏணி. அங்கே கசிந்தது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் அனுபவத்தையே படிப்பதுபோல் இருந்தது.

இனி உங்கள் மனத்தை உறுத்தும் கேள்விக்கு வருகிறேன். சிறுநீரிலுள்ள யூரியா, யூரிக் அமிலம் ஆகியவை குளத்துக் குளோரினோடு வினைபுரிந்து குளோரமின்கள் என்ற பொருட்களை உண்டாக்குகின்றன. கண் சிவப்பதற்கும், நாம் ‘குளோரின் வாடை’ என்று சொல்லும் அந்த நெடிக்கும் காரணம் பெரும்பாலும் அவைதாம். எனவே குளத்தில் சிறுநீர் கலப்பது பொருட்டே அல்ல என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கலப்பது யாரால்? கனடாவில் 2017இல் வெளியான ஓர் ஆய்வில், உடம்பில் சிதையாமல் சிறுநீரில் அப்படியே வெளியேறும் ஒரு செயற்கை இனிப்பை அளந்து, சுமார் 8,30,000 லிட்டர் கொள்ளும் ஒரு நீச்சல் குளத்தில் ஏறத்தாழ 75 லிட்டர் சிறுநீர் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். அது கசிந்த சொட்டுகளால் சேரும் அளவன்று; ஏறி வரச் சோம்பல்பட்டு நீரிலேயே கழிப்பவர்களால் சேருவது. குளிக்காமல் இறங்குகிறவர்களின் வியர்வையிலும் இதே யூரியா இருக்கிறது. கழிவறைக்குப் போய், சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு இறங்கும் நீங்கள், தம்மை அறியாமல் சில சொட்டுக் கசிந்தாலும், அந்தக் குளத்துக்கு மற்றவர்களைவிடக் குறைவான தீங்கே செய்கிறீர்கள்.

நாப்கினை நீருக்குள் கொண்டுபோக வேண்டாம். நீரில் சிறுநீரைத் தாங்கி நிற்கும் துணியோ பஞ்சோ கிடையாது. வீட்டிலிருந்து குளக்கரை வரைக்கும் வைத்துக்கொண்டு, இறங்குவதற்குச் சற்று முன்பு எடுத்துவிடுங்கள். அடர் நிறத்தில், பூப்போட்ட நீச்சலுடை, ஏணிக்கருகில் கைக்கெட்டும் இடத்தில் ஒரு பெரிய துண்டு இரண்டும் போதும். கழிவறையில் ஒருமுறை கழித்துவிட்டு, எழுந்து ஒரு நிமிடம் நின்று, மறுபடி உட்கார்ந்து முயன்றால் தங்கியிருப்பதும் வெளியேறும். நடுவில் ஒருமுறை, அடக்க முடியாமல் போகும் முன்பே, எழுந்து போய்விட்டு வாருங்கள். தண்ணீர் குடிக்காமல் போவதை இன்றோடு நிறுத்துங்கள்; அடர்ந்த சிறுநீர் பையை உறுத்தி அவசரத்தைக் கூட்டும், சர்க்கரைக்காரருக்கு நீர்ச்சத்துக் குறைவதும் நல்லதல்ல. குறைக்க வேண்டியது நீந்தப் போகுமுன் குடிக்கும் காபியைத்தான்.

ஏணிக்கு நான் பழகிய முறை இது. கம்பியைப் பிடித்ததும் ஏறிவிடக் கூடாது. இடுப்பளவு நீரில் நின்று, சிறுநீரையும் வாயுவையும் ஒருசேர அடக்குவதுபோல் உள்ளே இழுத்துப் பிடித்து, அந்தப் பிடியை விடாமல், மூச்சை மெல்ல வெளியே விட்டுக்கொண்டே முதல் படியில் கால் வைக்க வேண்டும். மூச்சை அடக்கித் தம் கட்டினால் அழுத்தம் முழுவதும் கீழேதான் போகும். ஆழம் குறைந்த பக்கத்தில் அகலமான படிக்கட்டு இருந்தால் அதுவே உங்கள் முழங்காலுக்கும் நல்லது. தும்மலுக்கு முன்பும் இதே பிடிதான். முதல் வாரம் நான் பலமுறை மறந்தேன். ஒரு மாதத்தில் கை கம்பியைத் தொட்டதும் தசை தானாக இறுகத் தொடங்கியது.

அந்த இறுக்கத்துக்குத் தசையில் வலு வேண்டும். அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948இல் எழுதிய இடுப்புத் தளத் தசைப் பயிற்சிதான் இன்றும் தும்மல் கசிவுக்கு முதல் சிகிச்சை. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் ஒரு தடவைக்கு குறைந்தது எட்டு இறுக்கம், ஒரு நாளைக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம், அதுவும் பயிற்சி பெற்றவரின் மேற்பார்வையில் என்கிறது. மேற்பார்வை என்ற சொல்லை அழுத்திப் படியுங்கள். நான் ஓராண்டு தனியாகச் செய்தேன், பலனில்லை. இறுக்குவதாக நினைத்து வயிற்றையும் தொடையையும்தான் முறுக்கிக்கொண்டிருந்தேன் என்று ஒரு பெண் பிசியோதெரபிஸ்ட் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்தார். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகுவதும் தவறு. யோகா வகுப்பில் மூலபந்தம் (இடுப்பின் அடித்தசைகளை உள்ளிழுத்துப் பிடிப்பது) பழகியிருந்தால் எந்த இடம் என்பது சட்டென்று பிடிபடும்.

குழாய்ச் சத்தத்துக்கு வரும் அவசரத்துக்குப் பைக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். வந்தவுடன் ஓடாமல், உட்கார்ந்து, தசையை இறுக்கி, அலை தணிந்த பிறகு நிதானமாக நடந்து போவது. இடைவெளியை வாரத்துக்குப் பத்து, பதினைந்து நிமிடமாக நீட்டிக்கொண்டே போவது. குறைந்தது ஆறு வாரம் பிடிக்கும். மலச்சிக்கல் இருந்தால் அதைச் சரிசெய்யாமல் இது பலிக்காது.

மருத்துவரிடம் போகும்போது இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். முதலாவது, உங்கள் சர்க்கரை மாத்திரை. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதால் சிறுநீரின் அளவையும் கூட்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள், ஆனால் அவரிடம் சொல்லுங்கள். ஓராண்டாகத்தான் அவசரம் கூடியது என்று எழுதியிருப்பதால் இது முக்கியம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டாலும் இப்படி ஆகும். இரண்டாவது, பெசரி. தும்மல் கசிவுள்ள பெண்கள் உடற்பயிற்சி நேரத்தில் மட்டும் பிறப்புறுப்புக்குள் வைத்துக்கொள்ளும் சிலிக்கோன் வளையம் அது. சிறுநீர்த்தாரையை முட்டுக்கொடுத்துத் தாங்கும், நீரில் உப்பாது, சரியான அளவை மருத்துவர் பார்த்துத் தர வேண்டும். இவை எதிலும் அடங்காவிட்டால் மாத்திரைகளும் அறுவை சிகிச்சையும் இருக்கின்றன. சிறுநீரில் இரத்தம், எரிச்சல், காய்ச்சல், முழுதாகக் கழிக்க முடியாமை, கால் மரத்துப்போதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் மூன்று மாதப் பயிற்சிக்குக் காத்திருக்காமல் உடனே போங்கள்.

வீட்டுக்காரரிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். நான் சொன்ன அன்று என் கணவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இதுக்காகவா நீ கல்யாணங்களுக்கு வராம இருந்த?” என்று கேட்டார். அதன் பிறகு வெளியூர் போனால் கழிவறை இருக்கும் இடத்தை முதலில் பார்த்து வைப்பவர் அவர்தான்.

மருத்துவரைப் பார்க்குமுன் மூன்று நாட்களுக்கு ஒரு குறிப்பேடு எழுதுங்கள். எத்தனை மணிக்கு என்ன குடித்தீர்கள், எத்தனை மணிக்குக் கழித்தீர்கள், எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள். அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளையை இதற்கென்றே வாங்கிக் கழிவறையில் வைத்து, ஒவ்வொரு முறையும் எத்தனை மில்லி என்றும் குறியுங்கள். அந்த மூன்று நாட்களில் ஒரு நாளாவது நீந்தப் போன நாளாக இருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா