கடற்படைத் தம்பி கல்யாணத்துக்கு வர எந்த மாதத்தில் நாள் குறிக்கலாம்?

கேள்வி: ஐயா, எங்களுக்கு ராதாபுரம் பக்கம். என் மகன் நாலு வருஷ அக்னிவீராகக் கடற்படையில் சேர்ந்து, ஒடிசா சில்காவில் பயிற்சி முடித்து, இப்போது விசாகப்பட்டினத்தில் ஒரு போர்க்கப்பலில் இருக்கிறான். மூத்த மகளுக்கு வரன் அமைந்திருக்கிறது. ஆவணி, தை, வைகாசி மூன்றில் எது என்றாலும் சரி என்கிறார்கள் மாப்பிள்ளை வீட்டார். தகப்பன் இல்லாத பிள்ளைகள். தம்பி வராமல் மணவறையில் உட்கார மாட்டேன் என்கிறாள் மகள். அவனைக் கேட்டால், “எப்ப வச்சாலும் வந்திருவேம்மா” என்கிறான். எந்த மாதம் வைக்கலாம்? விஜயநாராயணம் நேவியில் போய்ச் சொன்னால் லீவு கிடைக்குமா?

பதில்: அம்மா, மகன் சொன்ன அந்த ஒரு வார்த்தையை வைத்து மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிடாதீர்கள். அவன் பொய் சொல்லவில்லை. ஆசையில் சொல்கிறான். 1996-இல், கடற்படையில் இருந்தபோது, என் அக்கா கல்யாணத்துக்கு நானும் அதையேதான் சொன்னேன். தை மாதம் முகூர்த்தம். கப்பல் எந்த நேரமும் கிளம்பலாம் என்பது எனக்குத் தெரிந்திருந்தது, ஆனால் வீட்டில் சொல்ல மனம் வரவில்லை. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது கடலுக்குப் போய்விட்டோம். அப்புறம் ஒரு நாள் எண்ணெய்க் கப்பல் ஒன்று எங்கள் பக்கத்தில் வந்து, இரண்டு கப்பலும் ஓடிக்கொண்டிருக்கும்போதே குழாய் போட்டு எரிபொருள் கொடுத்தது. அதோடு கயிற்றில் ஒரு தபால் பையும் வந்தது. அதில் எனக்கு அக்கா கல்யாண அழைப்பிதழ். நாலு மூலையிலும் அம்மா தடவிய மஞ்சள் காய்ந்து, உறை முழுக்கத் தூளாகக் கொட்டிக் கிடந்தது. முகூர்த்தம் முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அந்த நிலைமை உங்கள் வீட்டில் வரக்கூடாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் பக்கத்தில் பிசான நெல் அறுத்து முடித்த பிறகுதானே வீட்டு விசேஷம் வைப்பார்கள்? வயலில் வேலை நடக்கும்போது யாரும் வைப்பதில்லை. போர்க்கப்பலுக்கும் அப்படி ஒரு பருவம் இருக்கிறது. ஆனால் அது தைக்குத் தை மாறாமல் வருவதில்லை. கப்பலுக்குக் கப்பல் வேறு. அதனால் மகனிடம் “எந்த மாசம் வருவ?” என்று கேட்பதை விட்டுவிட்டு, “கப்பலுக்குப் பராமரிப்பு வேலை எப்ப வருது?” என்று கேளுங்கள். உங்களுக்கான முகூர்த்தம் அந்தப் பராமரிப்புக் காலத்துக்குள்தான் இருக்கிறது.

பராமரிப்பு இரண்டு வகை. கொஞ்ச வாரம் துறையிலேயே கட்டி வைத்து இயந்திரங்களைப் பார்ப்பது ஒன்று. சில வருஷங்களுக்கு ஒருமுறை மாதக்கணக்கில் நடக்கும் ரீஃபிட் இன்னொன்று. ரீஃபிட்டில் கப்பலை உலர்துறையில் ஏற்றி, அடியில் சிப்பி போல ஒட்டிய கொட்டலசைச் சுரண்டி, துருவைத் தட்டி, புதுப் பெயின்ட் அடிப்பார்கள். உவரி, இடிந்தகரையில் வள்ளத்தைக் கரையேற்றிச் செய்கிற அதே வேலைதான், அளவு மட்டும் பெரிது. பையன்களுக்கு அப்போதும் ஓய்வு கிடையாது, சுத்தியலும் பிரஷுமாக நாள் முழுக்க வேலை இருக்கும். ஆனால் கப்பல் நகராது. ஆட்களைப் பிரிவு பிரிவாக ஊருக்கு அனுப்புவது அப்போதுதான்.

பலரும் ஏமாறுகிற இடம் இதற்கு அடுத்தது. “பராமரிப்பு முடியட்டும், வேலை ஓய்ந்ததும் லீவு போடுகிறேன்” என்று பையன் சொல்வான். நம்பாதீர்கள். பராமரிப்பு முடிந்த கையோடு கப்பலைக் கடலில் ஓட்டிச் சோதிப்பார்கள். அது முடிந்ததும் வொர்க்-அப். கப்பலையும் ஆட்களையும் சேர்த்துச் சண்டைக்குத் தயார் செய்யும் பயிற்சி அது. அதற்கென்றே கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு குழு கப்பலில் ஏறிவிடும். நடுராத்திரி மணி அடித்து ‘இயந்திர அறையில் தீ’ என்பார்கள். தூக்கத்தில் இருந்தவன் தீயணைப்பு உடுப்பை மாட்டி, முகமூடியோடு, புகை அடைத்த ஏணியில் இறங்க வேண்டும். திரும்பி வந்து படுத்தால், ‘அடியில் ஓட்டை, தண்ணீர் ஏறுகிறது’ என்று அடுத்த மணி. ஒவ்வொருவனுக்கும் ஓர் இடமும் ஒரு வேலையும் குறித்திருக்கும், ஒருவன் இல்லாவிட்டால் அந்த இடம் காலி. இந்த வாரங்களில் லீவு கேட்பதே வீண்.

வொர்க்-அப் தேறினால் கப்பல் எங்கே வேண்டுமானாலும் போகலாம். 2008 அக்டோபரில் இருந்து ஏடன் வளைகுடாவில் கடற்கொள்ளையருக்கு எதிராக நம் கப்பல்கள் மாறி மாறிக் காவல் நிற்கின்றன. 2024 மார்ச்சில் ரூன் என்ற சரக்குக் கப்பலை ஐ.என்.எஸ். கொல்கத்தா சுமார் 40 மணி நேரம் விடாமல் மறித்து, 35 கொள்ளையரைப் பிடித்து, 17 மாலுமிகளை உயிரோடு மீட்டது. நம் கரையில் இருந்து ஏறக்குறைய 2,600 கிலோமீட்டர் தள்ளி நடந்தது அது. அந்த வாரம் வீட்டில் விசேஷம் வைத்திருந்தவர்களும் அந்தக் கப்பலில் இருந்திருப்பார்கள்.

இனி உங்கள் மூன்று மாதங்களைப் பார்ப்போம். விசாகப்பட்டினம் கிழக்குக் கடற்படைக் கட்டளையின் தலைமையிடம் என்பதால் அதை வைத்துச் சொல்கிறேன்.

தை வேண்டாம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, 2019, 2021, 2023, 2025 என்று, மொத்தக் கடற்படையும் இறங்குகிற ட்ரோபெக்ஸ் என்ற பெரும் பயிற்சி நடந்திருக்கிறது. வருஷத் தொடக்கத்து மாதங்களை அதுதான் எடுத்துக்கொள்ளும். 2022, 2024-இல் விசாகப்பட்டினத்திலேயே பல நாட்டுக் கப்பல்கள் கூடும் மிலன் பயிற்சி பிப்ரவரியில் வந்தது. ஒற்றைப்படை வருஷமோ இரட்டைப்படை வருஷமோ, தையும் மாசியும் விசாகப்பட்டினத்துப் பையன்களுக்கு இறுக்கமான காலம்.

வைகாசியும் உறுதி இல்லை. அந்தச் சமயத்தில் கிழக்குக் கப்பல்கள் தென்கிழக்கு ஆசியப் பக்கம் போவது உண்டு. 2023 மே மாதத்தில் ஐ.என்.எஸ். டெல்லியும் சத்புராவும் சிங்கப்பூர் போயின. 2024 மே மாதத்தில் டெல்லி, சக்தி, கில்தான் மூன்றும் சிங்கப்பூர், பிலிப்பைன்ஸ் போயின.

மூன்றில் ஆவணிதான் தேவலை. அதையும் மகனின் கப்பல் அப்போது பராமரிப்பில் இருக்குமா என்று கேட்டுக்கொண்டே முடிவு செய்யுங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒரே நாளாகப் பேசாமல் ஆவணியிலேயே முன்னும் பின்னுமாக இரண்டு முகூர்த்தம் பார்த்து வையுங்கள். ஐப்பசி, கார்த்திகைக்குத் தள்ளிப்போடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அது வங்கக்கடலில் புயல் பருவம். புயல் வருகிறது என்றால் நாம் வள்ளத்தைக் கரையில் ஏற்றுவோம். போர்க்கப்பல் அதற்கு நேர்மாறாகத் துறையை விட்டுக் கடலுக்குப் போய்விடும், கட்டிக் கிடந்தால் சுவரில் மோதிச் சிதைந்துவிடும் என்பதால். புயல் கடந்ததும் நிவாரணப் பொருளோடு கரைக்கு வர வேண்டியதும் அதே கப்பல்கள்தான். 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊர் ஊராக மூழ்கடித்தபோது கடற்படை ஹெலிகாப்டர்கள் வந்து சாப்பாட்டுப் பொட்டலம் போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். 2020-இல் கொரோனா நேரத்தில் கொழும்பிலும் மாலத்தீவிலும் ஈரானிலும் மாட்டிக்கொண்ட நம் ஆட்களை ஐ.என்.எஸ். ஜலாஷ்வா தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியது. அந்தக் கப்பலில் இருந்த ஒவ்வொருவனும் தன் வீட்டு விசேஷம் ஏதோ ஒன்றை விட்டுத்தான் வந்திருப்பான்.

லீவுக் கணக்குக்கு வருவோம். நிரந்தரப் பணி மாலுமிக்கு வருஷத்துக்கு 60 நாள் வருடாந்திர லீவும் 30 நாள் தற்செயல் லீவும் உண்டு. அக்னிவீருக்கு மொத்தமே 30 நாள்தான். விசாகப்பட்டினத்தில் இருந்து சென்னை வந்து, நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்து, திருநெல்வேலியில் இறங்கி, ராதாபுரம் பஸ் ஏறுவதற்குள் இரண்டு நாள் ஓடிவிடும். போகவும் இரண்டு நாள். சித்திரைக் கோயில் கொடைக்கு ஒரு தடவை, நண்பன் கல்யாணத்துக்கு ஒரு தடவை என்று துண்டு துண்டாக எடுத்தால் அக்கா கல்யாணத்துக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது. இந்த வருஷக் கொடைக்கு வர வேண்டாம் என்று நீங்களே அவனிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால்தான் கேட்பான்.

விஜயநாராயணம் போக வேண்டாம் அம்மா. ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்று பெயர் இருந்தாலும் அது கப்பல் இல்லை, 1990 அக்டோபரில் தொடங்கிய வானொலி நிலையம். நாங்குநேரி ரோட்டில் போகும்போது தெரிகிற அந்த உயரமான கோபுரங்கள், நீருக்குள் கிடக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புகின்றன. சாதாரண ரேடியோ அலை உப்புத் தண்ணீருக்குள் இறங்காது, மிகக் குறைந்த அலைவரிசைதான் கொஞ்ச ஆழம் இறங்கும். அதனால்தான் அவ்வளவு பெரிய கோபுரம். கீழே இருப்பவர்கள் அதில் கேட்கலாம், பதில் சொல்ல முடியாது. உங்கள் மகனின் லீவுக்கும் அந்த இடத்துக்கும் சம்பந்தம் கிடையாது.

லீவு கிடைக்கும் வழி கப்பலுக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு மாலுமியும் ஒரு டிவிஷனல் ஆபீசரின் பொறுப்பில் இருக்கிறான். லீவு, குடும்பக் கஷ்டம், உடம்பு எல்லாம் அவர் வழியாகத்தான் மேலே போகும். தேதி முடிவான அன்றே மகன் அவரிடம் சொல்ல வேண்டும். ‘ஒரே அக்கா, தகப்பன் இல்லை, நான்தான் முன்னால் நிற்க வேண்டும்’ என்று முழுதாகச் சொல்லச் சொல்லுங்கள். புதுப் பையன்கள் கூச்சத்தில் ‘சிஸ்டர் மேரேஜ்’ என்று இரண்டு வார்த்தையோடு நிறுத்திவிடுவார்கள். விவரம் தெரிந்தால் அதிகாரிகள் ஆளை மாற்றிப் போட்டு அனுப்பிவைப்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வீட்டில் ஏதாவது அவசரம் என்றால், பாளையங்கோட்டைக்கு வந்து மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் சொல்லுங்கள். பணியில் இருப்பவர்களின் குடும்பத்துக்கும் அவர்கள் வழி சொல்வார்கள்.

போன் எடுக்கவில்லை என்று பதற வேண்டாம். கடலில் நாலு நாலு மணி நேரமாக வேலை மாறும். நள்ளிரவு பன்னிரண்டில் இருந்து நாலு வரை நிற்பவன், மறுநாளும் அதே நேரத்தில் மாட்டாமல் இருக்க, மாலை நாலில் இருந்து எட்டு வரை உள்ள நேரத்தை மட்டும் இரண்டு இரண்டு மணியாகப் பிரித்திருப்பார்கள். துறையில் கட்டியிருந்தாலும் சில நாளைக்கு ஒருமுறை கப்பலை விட்டு இறங்க முடியாத டூட்டி வரும். 2019 டிசம்பரில் கப்பல் விவரங்களை வெளியே சொன்னதாகச் சில மாலுமிகள் கைதான பிறகு, கப்பலில் ஸ்மார்ட்போனையே தடை செய்தார்கள். ஆகவே எந்தத் துறைமுகம், என்றைக்குக் கிளம்புகிறாய் என்று போனில் கேட்காதீர்கள். வரமுடியும், முடியாது, இவ்வளவு போதும். “தம்பி கப்பல் நாளைக்குக் கிளம்புது” என்று மகள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டுவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகளிடமும் ஒன்று சொல்லி வையுங்கள். எல்லாம் சரியாக நடந்தும், முந்தின நாள் உத்தரவு வந்து கப்பல் கிளம்பினால், அவன் மேல் அவள் கோபப்படக்கூடாது. என் அக்கா ஒரு வருஷம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அந்தக் கல்யாண ஆல்பத்தைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் கை வருவதில்லை. அப்படி ஒரு நிலைமை வந்தால் மச்சினன் முறைக்கு யார் நிற்பது என்று சித்தப்பா பிள்ளை, பெரியப்பா பிள்ளை ஒருவரிடம் இப்போதே பேசி வையுங்கள். மகனுக்கும் தெரிந்தே செய்யுங்கள், அவன் மனசுக்கும் அது ஆறுதலாக இருக்கும்.

அழைப்பிதழ் அடித்ததும் முதல் பிரதி அவனுக்குத்தான். கப்பல்களுக்கான தபால் வந்து சேரும் விசாகப்பட்டினம் ஃப்ளீட் மெயில் ஆபீஸ் என்று போட்டு, அவன் பெயர், எண், கப்பல் பெயரோடு ஒன்றரை மாதம் முன்னாலேயே தபாலில் சேர்த்துவிடுங்கள். லீவு மனுவோடு காட்ட உதவும். நாலு மூலையிலும் மஞ்சள் தடவி அனுப்புங்கள்.