மி சொன்: எப்போது போவது, எதைப் பார்ப்பது?

கேள்வி: வியட்நாமின் மி சொன் சிவாலய இடிபாடுகளைப் பார்க்க அரை நாள் போதுமா?

பதில்: போதும், விடியலில் கிளம்பினால். ஹோய் ஆன் நகரிலிருந்து சுமார் 40 கி.மீ. மலை சூழ்ந்த கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கு என்பதால் காற்று குறைவு. பத்து மணிக்குமேல் வெயில் வாட்டும். சுற்றுலாப் பேருந்துகளும் அப்போதுதான் குவியும். அக்டோபர், நவம்பரில் பெருமழை, தவிர்த்துவிடுங்கள்.

நுழைவாயிலிலிருந்து கோயில்கள் தள்ளியிருக்கின்றன. மின்வண்டி கொண்டுபோய் விடும், பிறகு நடைதான். பாசி படிந்த செங்கல் வழுக்கும், செருப்பு வேண்டாம்.

கோயில்களை ஆய்வாளர்கள் எழுத்து, எண்ணால் குறிக்கிறார்கள். நேரத்தை பி, சி, டி தொகுதிகளில் செலவிடுங்கள். சாம் மக்களின் சம்பா நாட்டு அரசர் பத்ரவர்மன் 4ஆம் நூற்றாண்டில் நிறுவிய பத்ரேஸ்வரர் (சிவன்) வழிபாட்டின் தொடர்ச்சியான பி1 கோயிலில் இன்று கல் அடித்தளமே மிச்சம். பக்கத்திலுள்ள பி5 படகு வடிவக் கூரையோடு நிற்கிறது. சுவாமியின் உடைமைகளை வைத்த கட்டடம். செங்கற்களுக்கு இடையே சாந்து தெரிகிறதா என்று உற்றுப் பாருங்கள், தெரியாது! எப்படி ஒட்டினார்கள் என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்தில்லை.

ஏ1 கோபுரத்தைத் தேடிப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் அது சரிந்துவிட்டது. நல்ல சிற்பங்கள் பலவும் டா நாங் நகரின் சாம் சிற்ப அருங்காட்சியகத்தில் உள்ளன. முதலில் அதைப் பார்த்துவிட்டு வந்தால் வெற்று மாடங்களும் புரியும்.