நாய் டே கேர் நடத்துபவர்கள் அப்படி என்னதான் செய்கிறார்கள்? அந்தக் கட்டணம் நியாயமா?

கேள்வியில் நீங்கள் சொன்ன நிலைமை இதுதான்: சென்னையில் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறீர்கள். ஒரு வயது பீகிள் வீட்டில் தனியாக இருந்து குரைக்கிறது, பக்கத்து வீட்டிலிருந்து புகார் வருகிறது. டே கேரும் பயிற்சியும் சேர்ந்த ஓர் இடத்தில் விசாரித்தீர்கள். மாதக் கட்டணத்தைக் கேட்டதும் "நாய்களை விளையாட விட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதற்கா இவ்வளவு?" என்று தோன்றியிருக்கிறது.

நான் அப்படி ஓர் இடத்தில் வேலை பார்க்கிறேன். ஆமாம், பார்த்துக்கொண்டிருப்பதற்குத்தான் அந்தப் பணம். எதைப் பார்க்கிறார்கள் என்பதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பத்து நாய்கள் ஒரு முற்றத்தில் ஓடினால் புதிதாக வருபவர்களுக்குக் கொண்டாட்டமாகத் தெரியும். அங்கே நிற்கும் ஆளின் கண் வேறெங்கோ இருக்கும். துரத்துகிற நாய் நடுநடுவே முன்னங்காலைத் தாழ்த்திப் பின்புறத்தைத் தூக்குகிறதா? "விளையாட்டுக்குத்தான்" என்று அது சொல்கிற விதம் அது. ஓடுகிற நாய் திரும்பி நின்று தானும் துரத்துகிறதா, இல்லை வாலை இடுக்கிக்கொண்டு மூலை தேடுகிறதா? சந்தேகம் வந்தால் துரத்துகிற நாயைப் பிடித்து நிறுத்திவிடுவோம். தப்பித்த நாய் தானாகவே திரும்பி வந்து வம்புக்கு இழுத்தால் சரி, அதற்கும் ஆட்டம் பிடித்திருக்கிறது. உடம்பை உதறிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டால் ஆட்டத்தை அதோடு நிறுத்திவிடுவோம். உதட்டை நக்குவது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது, உடம்பு சட்டென்று விறைப்பது என்று சண்டைக்கு முன்னால் சில நொடிகளில் வந்து போகிற அறிகுறிகள் நிறைய உண்டு. செல்போனைப் பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு அவை தெரியாது. இங்கிலாந்தில் 2018 உரிம விதிகளை ஒட்டிய வழிகாட்டுதல், டே கேரில் பத்து நாய்களுக்கு ஓர் ஆளாவது இருக்க வேண்டும் என்கிறது. அந்த அளவில் ஆள் வைத்தால் சம்பளம் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், கட்டணத்தில் பாதி எங்கே போகிறது என்று புரிந்துவிடும்.

இன்னொரு வேலை, தூங்க வைப்பது. வளர்ந்த நாய் ஒரு நாளில் ஏறக்குறைய பாதிப் பொழுது தூங்கும், குட்டிகள் அதைவிட அதிகம். காலை முதல் மாலை வரை ஓடவிட்டால் அது சந்தோஷத்தில் ஓடவில்லை, நிறுத்தத் தெரியாமல் ஓடுகிறது. அந்தக் களைப்பில்தான் சின்னச் சின்னச் சீண்டல் சண்டையாக மாறும். அதனால் மதியம் தனித்தனித் தடுப்பில் படுக்க வைத்துவிடுவோம். கேமராவில் பார்த்துவிட்டு "என் பையன் தூங்கிக்கிட்டே இருக்கானே, விளையாட விட மாட்டீங்களா?" என்று போன் வரும். தூங்குவதுதான் நல்லது என்று ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் இடத்தை நடத்துவது ஒரு தம்பதி. எல்லோருக்கும் அவர்கள் அக்கா, அண்ணாதான். அவர்களிடம் நான் அதிகம் மதிப்பது, வேண்டாம் என்று சொல்லும் பழக்கத்தை. புதிதாக வரும் எந்த நாயையும் முதலில் சில மணி நேரம் வைத்துப் பார்த்த பிறகுதான் சேர்ப்பார்கள். வயதான ஒரு பொமரேனியனைக் கூட்டிக்கொண்டு, மொத்தமாகப் பணம் கட்டும் எண்ணத்தோடு ஒருவர் வந்தார். அக்கா அவரிடம், "சார், உங்க பொண்ணுக்கு இந்தக் கூட்டம் ஒத்து வரலை. மூணு மணி நேரமா கதவையே பார்த்துக்கிட்டு நிக்கிறா. மத்தியானம் வீட்டுக்கு வந்து ஒரு நடை கூட்டிட்டுப் போக ஆள் இருந்தா போதும், அதுக்கு ஏற்பாடு பண்ணுங்க" என்றார். வாடகை, மின்கட்டணம் எல்லாம் தலைக்கு மேல் இருக்கும்போது வருகிற பணத்தைத் திருப்பி அனுப்புவது லேசான காரியமா? எந்த நாயைக் கொண்டுபோனாலும் உடனே சேர்த்துக்கொள்கிற இடத்தில் நான் என் நாயை விடமாட்டேன்.

சுத்தம் செய்வதைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் ஒரு டே கேரை ஒரே வாரத்தில் மூட வைக்கக்கூடியது பார்வோ வைரஸ். கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கு கொடுத்து நாயின் உயிரையே எடுக்கக்கூடிய தொற்று அது. தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், பார்வோவை அழிக்க அதை நம்ப முடியாது. முதலில் மலம், அழுக்கு எல்லாவற்றையும் சோப்புப் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டு, அப்புறம் பிளீச் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடமாவது ஊறவிட வேண்டும். அழுக்கின் மேல் பிளீச் ஊற்றினால் வீண். இதை நாள்தோறும் குனிந்து செய்கிற உதவியாளர் அண்ணன்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. எந்த நாய்க்குக் காதுக்குப் பின்னால் உண்ணி இருந்தது, எது இன்று தண்ணீர் குடிக்கவில்லை என்று முதலில் சொல்வது அவர்கள்தான். நீங்கள் பார்க்கப் போகும் இடத்தில் அவர்களோடு நின்று பேசிப் பாருங்கள். நாய்களின் பெயரும் குணமும் அவர்கள் வாயில் வரவில்லை என்றால் யோசியுங்கள்.

சென்னை வெயில் இன்னொரு கவலை. நாய் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கிறது. காற்றில் ஈரப்பதம் அதிகமானால் அதுவும் சரியாக வேலை செய்யாது. அதன் இயல்பான வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும். 106ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சு விடுவதே சிரமம் என்பதால் ஏப்ரல், மே மாதங்களில் அவற்றைக் காலை ஏழு மணிக்குமேல் வெளியே விடமாட்டோம்.

பயிற்சிக்கு வருகிறேன். 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறிய செய்தி நினைவிருக்கும். அதற்குப் பிறகு பெரிய நாய் வைத்திருப்பவர்கள் பயந்துபோய் வந்து, "அடிச்சாவது அடக்கிக் கொடுங்க" என்று கேட்டார்கள். பயம் நியாயமானது, கேட்ட வழி தவறு. நீங்கள்தான் தலைவன் என்று நாய்க்குக் காட்ட வேண்டும், மல்லாக்கத் தள்ளி அமுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கும் ட்ரெயினர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த எண்ணத்துக்கு வேர், 1947இல் ரூடால்ஃப் ஷென்கல் என்ற ஆய்வாளர், சுவிட்சர்லாந்தின் பாசெல் விலங்குக் காட்சிசாலையில் அடைபட்ட ஓநாய்கள் தலைமைக்குப் போட்டி போடுவதைப் பார்த்து எழுதிய ஆய்வு. பிறகு டேவிட் மெக் என்ற அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் காட்டில் வாழும் ஓநாய்களைப் பல ஆண்டுகள் கவனித்து, ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, குட்டிகள் கொண்ட குடும்பம்தான், அங்கே பதவிச் சண்டை அபூர்வம் என்று 1999இல் எழுதினார். தலைவன் என்ற அந்தப் பழைய கருத்தை முன்பு தன் நூலில் பரப்பியவரே அவர்தான். அப்படியும் நம் ஊரில் அது ஓயவில்லை.

உறுமுகிற நாயை அடித்தால் உறுமல் நிற்கும், பயம் அப்படியே உள்ளே இருக்கும். அடுத்த முறை அது எச்சரிக்காமல் நேராகக் கடிக்கும். அமெரிக்காவின் விலங்கு நடத்தைக் கால்நடை மருத்துவர்கள் சங்கம் 2021இல், வெகுமதி கொடுத்துக் கற்பிக்கும் முறையைத்தான் எல்லாவிதமான பயிற்சிக்கும் பரிந்துரைத்தது. ஷாக் கொடுக்கும் கழுத்துப்பட்டையை வேல்ஸ் 2010லேயே தடை செய்துவிட்டது. நம் ஊரில் ட்ரெயினர் என்று பலகை மாட்ட எந்தத் தேர்வும் தேவையில்லை, அதனால் விசாரிக்கும் பொறுப்பு நம் தலையில்தான் விழுகிறது. "என் நாய் தப்பாகச் செய்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று நேராகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

எங்கள் அண்ணா பயிற்சி கொடுப்பதைப் பார்த்தால் நாயோடு கழிப்பதைவிட வீட்டுக்காரர்களோடு கழிக்கும் நேரம்தான் அதிகம். தாத்தா "உக்காரு" என்பார், மகன் "சிட்" என்பான், வேலைக்கு வரும் அக்கா அதட்டுவார், பாட்டி சாப்பாட்டு மேசையிலிருந்து இட்லி கொடுப்பார். நாய் யார் பேச்சைக் கேட்கும்? எல்லோரையும் உட்கார வைத்து ஒரே மாதிரி சொல்லவும், சரியாகச் செய்த அந்த நொடியிலேயே ட்ரீட் கொடுக்கவும் பழக்குவார். நாயை ஒரு மாதம் விட்டுவிட்டுப் போங்கள், பழக்கிக் கொடுத்துவிடுகிறோம் என்பவர்களை நான் நம்புவதில்லை. அங்கே கேட்கிற நாய் வீட்டில் கேட்காது.

தீபாவளியையும் சொல்ல வேண்டும். ஊரே கொண்டாடும்போது எங்கள் அக்கா, அண்ணா குடும்பத்துக்கு அன்று வேலை உச்சம். இருட்டுவதற்குள் நடை முடித்து, ஜன்னலை அடைத்து, ஃபேன் சத்தத்தோடு பாட்டையும் போட்டு, மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை வேளை தவறாமல் கொடுத்து, நடுங்குகிற நாய்களின் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுப்பார்கள். புதுத்துணி மறுநாள்தான்.

ஆக, நான் சொன்ன வேலைகள் நடக்கிற இடமாக இருந்தால் நீங்கள் கொடுக்கும் பணம் நியாயம். ஆனால் உங்கள் பீகிளுக்கு டே கேர்தான் மருந்தா என்பது தனிக் கேள்வி. போரடித்துக் குரைப்பதும் தனிமையைத் தாங்க முடியாமல் கதறுவதும் வெவ்வேறு. முதலாவதற்கு வாரத்தில் சில நாள் டே கேரும், காலையில் நன்றாக மோப்பம் பிடித்துக்கொண்டே போகும் நடையும் போதும். இரண்டாவதென்றால் டே கேரில் இருக்கும் நேரம் மட்டும் சமாளிக்கலாம், ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கடைக்குப் போனதும் மறுபடி தொடங்கிவிடும். பழைய போன் ஒன்றைக் கேமராவாக வைத்து, நீங்கள் கிளம்பியதிலிருந்து முதல் அரை மணி நேரத்தைப் பதிவு செய்யுங்கள். எச்சில் ஒழுகுகிறதா, கதவைப் பிறாண்டுகிறதா, வைத்த தீனியைத் தொடாமல் விடுகிறதா என்று பாருங்கள். பணம் கட்டுவதற்கு முன் அந்த வீடியோவை உங்கள் கால்நடை மருத்துவரிடமும், அந்த டே கேர் நடத்துபவரிடமும் காட்டுங்கள்.