வீடு கட்டப் போவதா, பணம் அனுப்புவதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வீடில்லாத குடும்பங்களுக்கு வீடு கட்டும் அமைப்பு ஒன்று வார இறுதிகளில் தன்னார்வலர்களைக் கூப்பிடுகிறது. போக ஆசை. ஆனால் நான் கணினி முன் உட்கார்ந்து வேலை பார்ப்பவன், கரணை பிடிக்கத் தெரியாது. என்னால் ஒரு நாள் முழுக்க ஆகும் வேலையைக் கொத்தனார் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவார். பேசாமல் பணத்தை அனுப்பிவிடலாமா? நான் போவது அவர்களுக்காகவா, என் மனத்திருப்திக்காகவா என்றும் குழப்பம்.

அன்புள்ள நண்பருக்கு,

சுவர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. பழகாத கை எழுப்பிய சுவர், நேராக நிற்கிறதா என்று நூலில் தொங்கும் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தால் விலகி நிற்கும், கொத்தனார் இடித்துக் கட்ட வேண்டியிருக்கும். அதனால் கரணையைத் தொடாதீர்கள். வேறு வேலை நிறைய இருக்கிறது: மணல் சலிப்பது, கலவைச் சட்டி கைமாற்றுவது, செங்கல்லை நனைத்து வைப்பது. காய்ந்த செங்கல் கலவையில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும், அப்புறம் பிடிப்பு இருக்காது.

ஆனால் உங்களைப் போன்றவர்கள் உண்மையில் தேவைப்படும் இடம் கியூரிங், அதாவது கட்டியதை ஈரம் காயாமல் வைத்திருக்கும் வேலை. சிமெண்ட் காய்ந்து இறுகுவதாகப் பலர் நினைக்கிறார்கள், அது தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது, ஈரம் போய்விட்டால் வினை நின்று தளம் பலமிழந்து வெடிப்பு விடும். தளம் போட்டு இறுகியதும் மேலே பாத்தி கட்டிக் குறைந்தது 7 நாளாவது தண்ணீர் தேக்க வேண்டும், சுவருக்கும் அப்படியே நாள் தவறாமல் தண்ணீர் அடிக்க வேண்டும். அதற்குள் கொத்தனார் அடுத்த வேலைக்குப் போயிருப்பார், தன்னார்வலர்களோ அடுத்த சனிக்கிழமைதான் வருவார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆபீஸ் முடிந்து வந்து குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒருவர், சனிக்கிழமைக் கூட்டத்தில் பத்துப் பேருக்குச் சமம் என்பது என் அபிப்பிராயம்.

மனத்திருப்தி கிடைத்தால் கிடைக்கட்டும், அதில் என்ன தப்பு? கொடுப்பவர் என்ற நினைப்போடு போகாமல் இருந்தால் சரி. 1976-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஹேபிடாட் ஃபார் ஹியூமானிட்டி அமைப்பில் வீடு இலவசம் கிடையாது. அந்தக் குடும்பமும் கட்டுமானத்தில் உழைக்க வேண்டும், வீட்டுக்கான தொகையையும் கட்டுப்படியாகிற தவணைகளில் திருப்பிச் செலுத்த வேண்டும். அதிபர் பதவியிலிருந்து இறங்கிய ஜிம்மி கார்ட்டர் 1984-இல் அங்கே சுத்தியலோடு சேர்ந்து, மனைவி ரோசலினோடு முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தார், தொண்ணூறு வயதைத் தாண்டியும் விடவில்லை. அவர் பக்கத்தில் நின்று ஆணி அடித்தவர்களில் அந்த வீட்டில் குடியேறப் போகிறவர்களும் உண்டு.

நீங்கள் போகும் இடத்திலும் அந்த வீட்டு அம்மா செங்கல் தூக்கிக்கொண்டிருக்கலாம். அடுப்பு மேடை எவ்வளவு உயரம் வேண்டும், அலமாரி எந்தச் சுவரில் வரணும் என்று அவரைக் கேளுங்கள், அவர் சொல்வதைக் கொத்தனாரிடம் சொல்லுங்கள். அங்கே சமைக்கப் போவது அவர்தான். அவருடைய பிள்ளைகளோடு படம் எடுத்துப் போடும் எண்ணம் மட்டும் வேண்டாம், அவர்கள் யாருடைய முகநூல் பக்கத்துக்கும் அலங்காரம் இல்லை.

நேரமே இல்லையென்றால் பணம் அனுப்புங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம், சிமெண்டும் கம்பியும் பணத்தில்தான் வருகின்றன. நேரம் இருந்தால் அந்த அமைப்புக்குப் போன் செய்து, "வார நாட்களில் தண்ணீர் விட ஆள் இருக்கிறார்களா?" என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால் உங்கள் பெயரைக் கொடுங்கள். கலவைப் பக்கம் நிற்பதாக இருந்தால் ரப்பர் கையுறையும் காலை மூடும் ஷூவும் கட்டாயம், ஈரச் சிமெண்ட் தோலைப் புண்ணாக்கிவிடும்.